வெர்லீன் வேண்டுமென்றே செய்த தப்புகள்

வெர்லீன் காடிஸைப் பற்றி எழுத இந்தத் தெருவில் என்னைவிடத் தகுதியானவள் கிடையாது. முப்பத்தோரு வருஷமாக அவள் வீட்டுக்கு எதிர் வீடு என்னுடையது. அதில் இருபத்திரண்டு வருஷம் அவள் தலைமுடியை அலசி, சுருட்டி, படியவைத்தவள் நான்தான். பார்லர் நாற்காலியில் தலையைச் சாய்த்துவிட்டால் எந்தப் பெண்ணும் எதையும் மறைக்க மாட்டாள். அதனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரியும். அவளுக்கே தெரியாமல் போன ஒரு விஷயம் மட்டும் எனக்கும் தெரியாமல் போனது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவள் அப்பா தெற்கே அர்க்கன்சாவில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர். இரும்பை உருக்கி வார்க்கும் வார்ப்பாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வடக்கே சாகினா நகரத்துக்கு வந்தார். ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் எல்லாருடைய கதையும் ஏறக்குறைய இதுதான். வெர்லீன் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். தினமும் நானூறு பிள்ளைகள். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பதைத் தட்டை நீட்டும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். அந்தத் தட்டில் ஒரு கரண்டி கூட விழும். கை தாராளம், வாய் தாராளம், சிரிப்பு அதைவிடத் தாராளம். ஒழுங்கு மட்டும் மருந்துக்கும் கிடையாது. அவள் ஒருநாள் சோள ரொட்டி சுட்டால் மாவு மூன்று நாளைக்கு அந்த வீட்டில் பறக்கும். கதவிலேயே சாவியைத் தொங்கவிட்டுவிட்டு வீடெல்லாம் சாவி தேடுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் அலோன்சோ. அதே வார்ப்பாலையில் பரிசோதகர். வார்த்து ஆறிய எஞ்சின் பாகங்கள் அவர் மேஜைக்கு வரும். சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார், விளக்கைப் பிடித்துப் பார்ப்பார், முடியளவு விரிசல் இருந்தாலும் மஞ்சள் சாக்கட்டியால் கோடு போட்டு ஒதுக்கிவிடுவார். முப்பத்து மூன்று வருஷம் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வீட்டு வாசலில் வந்து அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடியுமா என்ன?

கோடைக்காலத்தில் எல்லா வீட்டு ஜன்னலும் திறந்திருக்கும். அவர்கள் பேசுவது என் சமையலறை வரைக்கும் கேட்கும்.

"வெர்லீன், இந்தத் துண்ட யாரு இப்படி மடிச்சது?"

"அதுவா மடிஞ்சுக்கிச்சு. பிடிக்கலன்னா பிரிச்சுத் தோள்ல போட்டுக்கோ."

"இது மடிப்பா? சுருட்டி எறிஞ்ச மாதிரி இருக்கு."

"மிஸ்டர் காடிஸ், அந்தத் துண்டுல முகத்தத் தொடைக்கப் போறியா, இல்ல அத சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போகப் போறியா?"

இப்படிப் போகும். அவர் திட்டுவார், அவள் திருப்பிக் கொடுப்பாள், கடைசியில் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார்கள். என் புருஷன் உயிரோடு இருந்தவரை எங்கள் வீட்டில் சத்தமே வந்ததில்லை, பேச்சும் வந்ததில்லை. எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருக்கும். அதை இப்போது சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எண்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. அடர் சிவப்பு, அதற்குமேல் பாலாடை நிறத்தில் மெத்தென்ற கூரை, உள்ளே வெல்வெட் இருக்கை, தெருவில் பாதி நீளம். ஒரு பல் டாக்டரின் மனைவி அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து அலோன்சோ வாங்கினார். தெருவே அதைச் சீமாட்டி என்றுதான் சொல்லும். எங்கள் தெருவில் ஆண்கள் புதுக் காருக்கு ஏங்க மாட்டார்கள். பழைய பெரிய காரைப் புதுக் காரைவிடப் பளபளப்பாக வைத்திருப்பதில்தான் அவர்கள் கௌரவம் இருக்கிறது. அதையும் சொந்தக் கையால் செய்ய வேண்டும். காசு கொடுத்துக் கழுவிக்கொண்டு வந்தவனை யாரும் ஒரு பேச்சும் சொல்ல மாட்டார்கள், ஆனால் யாரும் அவன் காரைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வாளி வந்துவிடும். அலோன்சோவுக்கு இரண்டு வாளி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். தேய்க்கும் கையுறையை முதலில் நல்ல தண்ணீரில் அலசி மண்ணைப் போக்கிவிட்டுத்தான் மறுபடி சோப்பில் முக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மண்துகள் பெயிண்டில் கீறிவிடும். முப்பத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் வெர்லீன் சீமாட்டிமேல் கை வைக்க அனுமதி கிடைத்தது நாலைந்து தடவை இருக்கலாம். அதில் ஒன்று போன அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. அன்றைக்குத்தான் அந்த இரண்டு வாளிக்கும் நடுவில் அலோன்சோ விழுந்தார்.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இடது கை தொங்கிவிட்டது, இடது கால் இழுத்தது, வாய் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்தது. பேச்சு வந்தது, ஆனால் வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல் மெதுவாக வந்தது. அதற்குப் பிறகு அவர் பேசுவதே அபூர்வம். முன்னறை ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சர்ச்சில் அவரோடு சேர்ந்து ஊழியம் பார்த்த டீக்கன்கள் பார்க்க வந்தால் படுக்கையறைக்குப் போய்விடுவார். அட்லாண்டாவிலிருந்து மகள் வந்து ஒரு வாரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போனாள்.

நடைப்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் மே மாதத்தில் வெர்லீனைச் சமையலறைக்குக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். அந்தக் காலில் இன்னும் உயிர் இருக்கிறது. வெளியே இறங்கி, படி ஏறி, சமமில்லாத தரையில் நடந்தால்தான் அது திரும்பும். இந்தக் கோடையை விட்டுவிட்டால், பனி விழுந்த பிறகு ஆறு மாதம் யாராலும் அவரை வெளியே நடத்த முடியாது. அதற்குள் கால் இறுகிவிடும். பிறகு அந்த நாற்காலிதான். அலோன்சோவோ வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்று நின்றார். ஏன் என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார்.

எனக்கு அப்போது கால் பெருவிரல் எலும்பில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. தடித்த பூட்ஸ் ஒன்றை மாட்டி உட்காரவைத்துவிட்டார்கள். வெர்லீன் என் சமையலறைக்கு வந்து, என் காப்பியை அவளே போட்டுக்கொண்டு, என் மேஜைமேல் பாதியைச் சிந்திவிட்டு உட்கார்ந்தாள்.

"ஓசெல்லா, அந்த மனுஷன் உலகத்துல எதப் பாத்தா சும்மா இருக்க மாட்டாரு? சொல்லு."

"நீ செய்யற எதையும்."

"அதேதான்டீ. நான் சீமாட்டியைக் கழுவப் போறேன். தப்புத் தப்பா. அவரு ஜன்னலுக்கு நேரா."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் திருட்டுத்தனம். எனக்கும் தொற்றிக்கொண்டது. எந்தத் தப்பு வண்டிக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் பார்க்கிறவன் வயிற்றை எரிக்கும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். கார்க்காரனுக்கு முப்பது வருஷம் பெண்டாட்டியாக இருந்த எனக்கு அதில் யோசனைக்குப் பஞ்சமா?

முதல் சனிக்கிழமை ஒரே ஒரு வாளி. அதில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு. குளித்த துண்டால் துடைத்தாள், அதுவும் வட்டம் வட்டமாக. நான் என் வீட்டு முகப்பில் காலை நீட்டி உட்கார்ந்து ஜன்னலைக் கவனித்தேன். திரை அசைந்தது. அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை உச்சி வெயிலில் மெழுகு தேய்க்க ஆரம்பித்தாள். சூடான தகட்டில் மெழுகு காய்ந்து சுண்ணாம்புப் பட்டைபோல் பிடித்துக்கொள்ளும். நிழலில்தான் தேய்க்க வேண்டும் என்பது எங்கள் தெருவில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். பத்து நிமிஷம் ஆகவில்லை. நாலு வீடு தள்ளியிருக்கும் மனுஷர் கிளியோதா ஓடி வந்தார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

"மிஸ் வெர்லீன்! மிஸ் வெர்லீன்! கடவுள் பேரச் சொல்லிக் கேக்கறேன், கைய எடுங்க!"

"ஏன், நல்லாத்தானே வெள்ளையா வருது?"

"வெள்ளையா வரக் கூடாதும்மா! வெயில் இறங்கட்டும், நானே வந்து தேய்ச்சுத் தர்றேன். எனக்கு நெஞ்சு வலிக்குது."

"வலிச்சா உள்ள போய்ப் படு, கிளியோதா. இது என் புருஷன் கார்." கடைசி வார்த்தையை ஜன்னலைப் பார்த்துக் கத்திச் சொன்னாள்.

தெருவில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் வந்து அவளைத் தடுத்துப் பார்த்தார்கள். வர வேண்டிய ஒருவர் மட்டும் வரவில்லை.

மூன்றாவது வாரம் அவள் எல்லை தாண்டினாள். கார்ச் சாமான் கடையிலிருந்து பிளாஸ்டிக் வளையங்கள் வாங்கி வந்தாள். வெள்ளி மாதிரி மினுங்கும், வட்டமாக, கப்பல் ஜன்னல் போல இருக்கும், பின்னால் ஒட்டும் நாடா. சின்னப் பையன்கள் தங்கள் ஓட்டைக் காருக்கு ஒட்டிக்கொள்வார்கள். அதைச் சீமாட்டியின் முன்பக்கத்தில், ஒரு பக்கத்துக்கு மூன்று, அதையும் கோணலாக ஒட்டினாள். ஒட்டிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்று அழகு பார்த்தாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டேன். தெருவில் போன கார் ஒன்று வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது.

முன்னறை ஜன்னல் திரை முழுவதுமாக இழுத்து மூடப்பட்டது.

அன்று வெர்லீன் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது காப்பி போடவில்லை. நான் போட்டுக் கொடுத்ததையும் தொடவில்லை.

"திரையை மூடிட்டாருடீ. என் மூஞ்சியைப் பாக்கவே பிடிக்கல அவருக்கு."

"அப்படியெல்லாம் இல்ல."

"பின்ன? வீட்டுக்குள்ளயும் ஒரு வார்த்தை இல்ல, ஓசெல்லா. நேத்து பீன்ஸ கரிய விட்டுக் குடுத்தேன். வேணும்னேதான். சாப்பிட்டுட்டு நல்லாயிருக்குன்னாரு. நல்லாயிருக்காம்! முப்பத்தெட்டு வருஷத்துல அந்த வார்த்தை அந்த வாய்லருந்து வந்ததில்ல. அந்த மனுஷன் உள்ளயே போயிட்டாருடீ. நான் யாரோட குடியிருக்கேன்னு தெரியல."

அவள் அழுதாள். எப்போதும் சிரிக்கிறவள் அழுதால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தாங்காது. நான் என் பூட்ஸ் காலை இழுத்துக்கொண்டு போய் அவள் தலையை என் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டேன். விரல் பழக்கத்தில் அவள் முடியைக் கோதியது. வேர்ப்பக்கம் முழுக்க நரைத்திருந்தது. அக்டோபருக்குப் பிறகு அவள் சாயம் வைத்துக்கொள்ளவே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "போதும் இந்தக் கூத்து. அந்த வளையத்த நாளைக்கே பிச்சு எறியறேன். இனிமே ஒண்ணே ஒண்ணு செய்வேன். அத ஒழுங்காச் செய்வேன்."

சீமாட்டியின் உட்கூரைத் துணி தொங்கிவிட்டிருந்தது. வயதான கார்களுக்கு எல்லாம் வரும் வியாதி. கூரைப் பலகைக்கும் துணிக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய ஸ்பாஞ்சு பொடிந்துபோய், துணி வயிறு தள்ளிக்கொண்டு இறங்கும். அலோன்சோ குண்டூசி குத்திக் குத்தி இரண்டு வருஷம் ஓட்டினார். இந்தக் குளிர்காலத்தில் ஊசியும் தாங்கவில்லை. உள்ளே உட்கார்ந்தால் துணி முகத்தில் விழும்.

"என்னைக்காவது ஒருநாள் அவரு அதுல உக்காருவாருன்னு வையி," என்றாள். "துணி மூஞ்சில விழும். இடது கையால தள்ளக்கூட முடியாது அவரால. அந்த அவமானம் அவருக்கு வேண்டாம்."

நூலகத்துக்குப் போய் கம்ப்யூட்டரில் பார்த்து, ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தாள். வெர்லீன் வரிசையாக எழுதியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வியாழக்கிழமை கிளியோதாவும் அவர் தம்பியும் வந்து முன்னிருக்கைகளைச் சாய்த்து, அந்தப் பெரிய பலகையைப் பின்கதவு வழியாக மடங்காமல் வெளியே எடுத்துக் கொடுத்தார்கள். சர்ச் கூடத்திலிருந்து கொண்டுவந்த இரண்டு மடக்கு மேஜைகளில் அதைப் போட்டு, பழைய ஸ்பாஞ்சை முழுக்கச் சுரண்டினாள். ஆரஞ்சு நிறத் தூள் அவள் முடியெல்லாம், புருவமெல்லாம். வெள்ளிக்கிழமை முழுக்கச் சுரண்டிவிட்டு, கை வீங்கிப்போய் என்னிடம் காட்டினாள். ஒரு துணுக்குகூட மிச்சம் இல்லை. அலோன்சோவே விளக்கு பிடித்துப் பார்த்திருந்தாலும் சாக்கட்டியை எடுத்திருக்க மாட்டார்.

சனிக்கிழமை புதுத் துணியைப் பசை போட்டு ஒட்டும் வேலை. தெருவே சர்ச் பிக்னிக்குக்காக ஏரிக்குப் போய்விட்டது. கிளியோதா இருந்து உதவுகிறேன் என்றார். அவள்தான் விரட்டினாள். "போய் மீனப் பொரிச்சுத் தின்னு. எனக்கு ரெண்டு கை இருக்கு." நான் மட்டும் அவள் வாசலில், மடக்கு நாற்காலியில், இன்னொரு நாற்காலியில் என் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அந்தத் தாளைப் படித்துச் சொல்பவளாக உட்கார்ந்தேன்.

அந்தப் பசையின் குணம் இப்படி. பலகையிலும் அடிக்க வேண்டும், துணியின் பின்பக்கத்திலும் அடிக்க வேண்டும். சில நிமிஷம் காய்ந்து பிசுபிசுப்பாக வந்ததும் ஒன்றன்மேல் ஒன்று படிய வைக்க வேண்டும். தொட்டுவிட்டால் தொட்டதுதான். எடுத்து மறுபடி வைக்க முடியாது, இழுத்தால் துணியின் பின்னால் இருக்கும் புது ஸ்பாஞ்சு கிழிந்துவிடும். அதனால் துணியைப் பாதியாக மடித்து வைத்துக்கொண்டு ஒரு பாதியை முடித்துவிட்டு மறு பாதிக்குப் போவார்கள்.

முதல் பாதி அருமையாக வந்தது. நடுவிலிருந்து உள்ளங்கையால் தடவித் தடவிப் போனாள், ஒரு குமிழி இல்லை. நான் கை தட்டினேன். இரண்டாவது பாதிக்கும் பசை அடித்தாள். காயக் காத்திருந்தாள். துணியின் ஓரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துக் காற்று வந்தது.

துணி பாய்மரம்போல் உப்பியது. ஒரு மூலையை அவள் இழுத்துப் பிடிக்க, மறு மூலை அவளை நோக்கி மடிந்து வந்தது. பசையும் பசையும் ஒட்டிவிட்டால் அந்தத் துணி குப்பைக்குத்தான். அவள் முழங்கையை நீட்டித் தடுத்தாள். இரண்டு கையும் தலைக்குமேல், உடம்பு மேஜைமேல் சாய்ந்து, நகர முடியாமல் நின்றாள்.

"ஓசெல்லா, அந்த மூலை! அந்த மூலைய பிடி!"

நான் எழுந்தேன். பூட்ஸ் நாற்காலியில் மாட்டிக்கொண்டது. நாற்காலியோடு சேர்ந்து புல்லில் உட்கார்ந்துவிட்டேன். வலியில் கண்ணில் பொறி பறந்தது.

"யாராவது வாங்களேன்!" என்று அவள் தெருவைப் பார்த்துக் கத்தினாள். தெருவில் ஒரு ஈ, காக்கை இல்லை. "பசை காயுதே, காயுதே!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது நடிப்பில்லை. இரண்டு நாள் சுரண்டிய உழைப்பு அவள் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக் கதவின் கம்பி வலை கிரீச்சென்றது.

அலோன்சோ நின்றார். வீட்டுப் பைஜாமா, உள்பனியன், ஒரு கால் செருப்பு. ஆலைக்குப் போகும்போதுகூடக் கால்சட்டையை இஸ்திரி போட்டு மடிப்பு வைத்துப் போட்டவர் அவர். நாலுகால் கைத்தடியை வாசலிலேயே விட்டுவிட்டு வலது கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார். நடைப்பயிற்சிப் பெண் சொன்னபடி பலவீனமான காலை முதலில் கீழ்ப்படியில் வைத்தார். பிறகு நல்ல காலை. மூன்று படிதான். வெர்லீனுக்கு முதுகு இந்தப் பக்கம். அவளுக்குத் தெரியாது.

கீழே இறங்கியதும் காரின் பின்பக்கத்தைப் பிடித்து, பின்கதவைப் பிடித்து, முன்கதவைப் பிடித்து, சீமாட்டியின்மேல் கையை ஊன்றிக்கொண்டே அவ்வளவு நீளத்தையும் நடந்து வந்தார்.

"எந்த... மூலை?" என்றார்.

அவள் தலையைத் திருப்பவில்லை. திருப்ப முடியாது. ஆனால் அவள் தோள் இரண்டும் குலுங்கியதை நான் பார்த்தேன்.

"உன் பக்கத்து மூலை," என்றாள். "மெதுவா."

அவர் வலது கையால் மூலையைப் பிடித்து இழுத்தார். துணி விறைத்தது. இரண்டு பேரும் மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்று அதைக் கீழே இறக்கினார்கள். ஓரம் மறுபடி காற்றில் எழும்பியபோது அவர் தன் இடது கையை வலது கையால் தூக்கி, ஒரு மணல் மூட்டையை வைப்பதுபோல், அந்த ஓரத்தின்மேல் வைத்தார். எட்டு மாதமாக எதற்கும் ஆகாது என்று போர்வைக்குள் ஒளித்து வைத்திருந்த கை. நல்ல கனம். துணி அசையவில்லை.

"நடுவுலேருந்து," என்றார். "வெளிய... தள்ளு."

அவள் நடுவிலிருந்து வெளியே தள்ளினாள். அவர் தன் ஒற்றைக் கையால் தன் பக்கத்தைத் தள்ளினார். அவர் பக்கத்தில், பயணி உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, விரல் நீளத்துக்கு ஒரு சுருக்கம் விழுந்துவிட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அவர் அதை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டார்.

பிறகுதான் அவள் என் நாற்காலியை நிமிர்த்தி அவரை அதில் உட்காரவைத்தாள். நான் புல்லிலேயே இருந்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கச் சொல்லவில்லை. அவள் அவர் முன்னால் மண்டியிட்டு அவர் விரலில் ஒட்டியிருந்த பசையை உரித்தாள். உரித்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"மூணு வாரமா உன்ன வெளிய இழுக்கத்தான் அத்தனையும் செஞ்சேன், லான்சோ. கொதிக்கிற வெயில்ல மெழுகு தேய்ச்சேன். அந்த வெக்கங்கெட்ட வளையத்தை ஒட்டினேன். ஊரே வந்துச்சு. நீ வரல. ஏன்?"

அவர் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைத்தார்.

"அன்னிக்கு... விழுந்த அன்னிக்கு. நீ கையுறைய... தப்பான வாளில முக்கினே. நான் சொன்னேன்... உன் கை பட்ட எதுவும்... உருப்படாதுன்னு. அத சொல்லி முடிக்கல. வாய் கோணிக்கிச்சு."

வெர்லீன் உரிப்பதை நிறுத்தினாள்.

"ஆஸ்பத்திரில பேச்சே வரல. ஒன்பது நாள். கடைசியா உன்கிட்ட பேசினது... அதுவா இருந்துடுமோன்னு. பேச்சு திரும்பி வந்தா... இனிமே அவளைத் திட்டவே மாட்டேன்னு... நேந்துக்கிட்டேன்." அவர் மூச்சு வாங்கினார். "நீ என்னடான்னா... ஜன்னலுக்கு நேரா நின்னு... அப்படிப் பண்றே. வெளிய வந்தா வாய் சும்மா இருக்காது. அதான் திரையை மூடிக்கிட்டேன். இன்னிக்கு நீ... திட்டு வாங்கற மாதிரி எதுவும் செய்யல. உதவிக்குத்தான் கூப்பிட்டே."

எனக்கு அந்தப் புல்லிலேயே புதைந்துவிடலாம்போல் இருந்தது. ஒவ்வொரு தப்பாக யோசித்துக் கொடுத்தவள் நான். அவரைக் கதவைத் திறக்கவைக்கிறோம் என்று நினைத்து, மூன்று வாரமாக அந்தக் கதவுக்கு நாங்களே முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

வெர்லீன் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது. பசைக் கையாலேயே அவர் முட்டியில் ஓர் அடி வைத்தாள்.

"அட மடையா! உன்னை யாரு நேந்துக்கச் சொன்னது? நீ அன்னிக்கு என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகமே இல்ல. தினமும் அதத்தானே சொல்லுவே! முப்பத்தெட்டு வருஷமா சொன்னதுல எதை நான் ஞாபகம் வெச்சுக்க? எட்டு மாசமா அந்த வீட்டுல ஒரு சத்தம் இல்ல, லான்சோ. கரிஞ்ச பீன்ஸத் தின்னுட்டு நல்லாயிருக்குங்கறே. நீ செத்துப்போயிட்டேன்னு நெனைச்சு நான் குளியலறையில உக்காந்து அழுதுட்டிருக்கேன், நீ நேர்த்திக்கடன் செலுத்திக்கிட்டிருக்கியா?"

அவர் அவளைப் பார்த்தார்.

"பீன்ஸ்... கேவலமா இருந்துச்சு," என்றார்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் வலது கை அவள் நரைத்த தலையில், ஆரஞ்சுத் தூளுக்கு நடுவில், இருந்தது. எனக்கு யாராவது ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டால் தேவலை என்று இருந்தாலும் நான் புல்லைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை கிளியோதாவும் மற்றவர்களும் பலகையைத் திரும்ப மாட்டினார்கள். அந்தச் சுருக்கத்தை நீக்கித் தருகிறேன் என்று கிளியோதா சொன்னபோது வெர்லீன் அவரைப் பார்த்த பார்வையில் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அலோன்சோ அந்த வாரம் முழுக்கத் தினமும் படி இறங்கினார். முதல் நாள் சீமாட்டி வரைக்கும். அப்புறம் தபால்பெட்டி வரைக்கும். வெள்ளிக்கிழமை தெருவைக் கடந்து என் வீட்டு முகப்புக்கு வந்து, என் பூட்ஸைப் பார்த்து, "கட்டு... கோணலா இருக்கு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் போக அவர் இஸ்திரி போட்ட கால்சட்டையும் தொப்பியுமாகப் பயணி இருக்கையில் உட்கார்ந்தார். வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாகச் சீமாட்டியை ஓட்டப்போகிறவள் வெர்லீன். தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்றோம், ஆனால் யாரும் அவர்களைப் பார்க்கவில்லை என்பதுபோலத்தான் நின்றோம். அவள் பின்னால் எடுத்தாள், ஓரக்கல்லில் ஏற்றினாள், இறக்கினாள். ஜன்னல்கள் திறந்திருந்தன.

"வெர்லீன்! பின்னாடி... பாரு! கண்ணாடி எதுக்கு... வெச்சிருக்கு? உதட்டுச் சாயம் பூசவா?"

"நான் ஓட்டவா, இல்ல நீ ஒத்தக் கையால ஓட்டறியா?"

"இதுவா ஓட்றது? இப்படித்தான்... பிரேக்க மிதிப்பாங்களா?"

மெதுவான, திக்கிய குரல்தான். ஆனாலும் தெருமுனை வரைக்கும் அது நிற்கவே இல்லை. அவளுடையதும் நிற்கவில்லை. முனையில் திரும்பும்போது அவள் சிரிக்கும் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.